எடை இறங்கவில்லை என்று நடையை நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தை ஒன்றுவிடாமல் படிப்பவள் நான். ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், முட்டி வலிக்காரர்கள், சுகர் வந்து தோள்பட்டை இறுகிப்போனவர்கள் என்று எல்லாருடைய கையையும் காலையும் பிடித்து நடக்க வைத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

உடற்பயிற்சி பற்றி நீங்கள் தொடர்ந்து எழுதுவது நல்ல காரியம். ஆனால் ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளும் எடையில் தொடங்கி எடையில் முடிகின்றன. தலைப்பில் கிலோ, படத்தில் இன்ச் டேப், உள்ளே கலோரிக் கணக்கு. உங்களை மட்டும் சொல்லவில்லை, எல்லா இடத்திலும் இதுதான் வழக்கமாகிவிட்டது. உடற்பயிற்சியை எடை குறைக்கும் வழியாக மட்டுமே மக்களிடம் கொண்டுபோனால், அதனால் மிக அதிகப் பலன் பெறக்கூடியவர்கள்தான் முதலில் அதைக் கைவிடுகிறார்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இப்படித்தான் நடக்கும். டாக்டர் சொன்னார் என்று ஒருவர் வாக்கிங் தொடங்குவார். இரண்டு மாதம் விடாமல் போவார். பிறகு வெயிட் மெஷினில் ஏறுவார். முள் பழைய இடத்திலேயே நிற்கும், அல்லது அரைக் கிலோ இறங்கியிருக்கும். மறுவாரம் ஒரு நாள் விடுபடும், அடுத்த வாரம் மூன்று நாள், அதற்குப் பிறகு ஷூ அலமாரிக்குள் போய்விடும்.

தோள்பட்டை இறுக்கத்துக்காக என்னிடம் வந்த ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர், பல ஆண்டுகளாகச் சுகர் உண்டு. கையைத் தூக்கிப் பின்னலைப் பிடிக்க முடியவில்லை என்று வந்தார். பேச்சுவாக்கில் நடைப்பயிற்சி பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் போனேன் மேடம். அஞ்சு மாசம் போனேன். ஒரு கிலோகூட இறங்கல. எனக்கு அது ஒத்துவரல, விட்டுட்டேன்" என்றார். அவருடைய ஃபைல் என் மேசையில்தான் இருந்தது. அவர் நடந்துகொண்டிருந்த மாதங்களின் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 8.4-லிருந்து 7.6-க்கு வந்திருந்தது. பிரஷர் மாத்திரையின் அளவை டாக்டர் பாதியாகக் குறைத்து எழுதியிருந்தார். நடையை நிறுத்திய பிறகு எடுத்த ரிப்போர்ட்டில் சர்க்கரை மறுபடி எட்டைத் தாண்டியிருந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை யாருமே எங்கிட்ட சொல்லலையே" என்றார்.

யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். அவர் படித்த எல்லாவற்றிலும் எடை ஒன்றுதான் அளவுகோலாக இருந்தது.

எடை ஏன் இறங்குவதில்லை என்பதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அறுபது அறுபத்தைந்து கிலோ எடை உள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 120 முதல் 150 கலோரி செலவாகும். அதைச் சாப்பாட்டில் ஈடுகட்ட இரண்டு மூன்று வாய் அதிகம் போதும். எடையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தட்டில் என்ன விழுகிறது என்பதுதான். நடைப்பயிற்சி செய்யும் வேலை வேறு. அது உடம்புக்குள் நடக்கிறது, வெயிட் மெஷினுக்குத் தெரியாது.

சர்க்கரையையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் வேண்டும். டைப் 2 நீரிழிவில் தசை அந்த இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது, இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் இன்னொரு வழி திறக்கிறது. செல்லுக்குள் ஒதுங்கியிருக்கும் க்ளூட்-4 என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்து அந்த வேலையைச் செய்கிறது. நடை முடிந்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்வரை தசை இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாக இணங்கும். அதற்குமேல் அந்தப் பலன் கரைந்துவிடும். சுகர் உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் பயிற்சியை விடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

எடைக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நல்ல வெளிச்சம் தருகிறது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடத்தி 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு, உணவுக் கட்டுப்பாடு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பு என்று இலக்கு வைத்த குழுவில், மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட குழுவில் 31 சதவீதம். இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது பிறகு வந்த கணக்கு. அந்தப் பயிற்சிக் குழுவில், முதல் ஆண்டில் எடை இலக்கை எட்டாதவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களிலும் உடலுழைப்பு இலக்கை எட்டியவர்களுக்கு நீரிழிவு வருவது, அதை எட்டாதவர்களைவிட 44 சதவீதம் குறைவாக இருந்தது. எடை இலக்கில் தோற்றவர்கள் அவர்கள். ஆனாலும் உடம்பு பலனைக் கொடுத்திருக்கிறது. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து "ஒத்துவரல" என்று சொன்னவர்களுக்கெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்கிறேன்.

இதய விஷயத்தில் இந்த உண்மை இன்னும் பழையது. லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-ல் ஆய்வு வெளியிட்டார். ஒரே நிறுவனம், ஒரே வகை மனிதர்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு படி ஏறி இறங்குகிறார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது, வந்தாலும் உயிரைப் பறிக்கும் மாரடைப்பு குறைவு. ஓட்டுநர்கள் குண்டாக இருந்ததால்தான் இப்படி என்று யாராவது சொல்லக்கூடும் அல்லவா? மாரிஸும் அதை யோசித்தார். அவர்களுக்கு நிறுவனம் தைத்துக்கொடுத்த சீருடையின் இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்து 1956-ல் இன்னொரு கட்டுரை எழுதினார். ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதுதான். ஆனால் மெலிந்தவர், நடுத்தர உடம்புக்காரர், பருமனானவர் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும் நடத்துநர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. படியேறிய கால்கள் காப்பாற்றியிருக்கின்றன, இடுப்பளவு எதுவாக இருந்தாலும். இவ்வளவு தெளிவாக அன்றைக்கே தெரிந்த ஒன்றை இன்னமும் நாம் மக்களிடம் சரியாகச் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒழுங்காக நடந்தால் மேல் அளவு ஐந்து முதல் எட்டுப் புள்ளிவரை இறங்கும். ஒரு மாத்திரை செய்கிற வேலைக்கு அது பக்கத்தில் வருகிறது. தூக்கம் சீராகும், மனச்சோர்வு தணியும். புற்றுநோயிலும் இப்போது தெளிவான சான்று வந்திருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி கொடுத்தார்கள். 2025-ல் வெளியான முடிவின்படி, நோய் திரும்புவதோ புதிதாக வருவதோ உயிரிழப்போ அவர்களுக்கு 28 சதவீதம் குறைவு. புற்றுநோய் வந்தவர் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்றே நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓய்வு என்ற பேரில் நடக்கும் கேட்டைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதுவேன். 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்து சோதித்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரை அழைத்து மறுபடி சோதித்தபோது, முப்பது வருட மூப்பு அவர்களுடைய உழைக்கும் திறனைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. இருபது வயதுக்காரர்களுக்கே அப்படி என்றால், எழுபது வயதில் காய்ச்சலுக்குப் பத்து நாள் படுத்தவருக்கு என்ன ஆகும்? "காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா அப்பா எழுந்திருக்க மாட்டேங்கிறார்" என்று பிள்ளைகள் அழைத்துக்கொண்டு வருவார்கள். நோய் போயிருக்கும். தொடைச் சதை கரைந்திருக்கும்.

முட்டி வலிக்காரர்களுக்கும் இதே கதிதான். "தேய்மானம் இருக்கு, நடக்காதீங்க" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். மூட்டின் குருத்தெலும்புக்குத் தனி ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நீண்டு, அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் மூட்டு நீர் அதற்குள் போய்ச் சத்தைச் சேர்க்கிறது. நடக்காமல் இருந்தால் அதுவும் நின்றுபோகும், முட்டியைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத் தசையும் மெலியும், வலி கூடும். மூட்டுத் தேய்மானத்துக்கு உலகெங்கும் முதல் வரிசைச் சிகிச்சையாக உடற்பயிற்சியைத்தான் சொல்கிறார்கள். வலி தாங்கும் அளவுக்குள் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிரிவுக்கு வயதானவர்கள் வந்தால் முதலில் ஒரு சோதனை செய்வோம். சுவரோரமாக நகராத நாற்காலி ஒன்று. அதில் நடுவாக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். முப்பது வினாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுவோம். முதல் மூன்று தடவை அநேகமாக எல்லாரும் எழுந்துவிடுவார்கள். ஐந்தாவது ஆறாவது தடவையில்தான் காலின் உண்மை நிலை தெரியும். முட்டி இரண்டும் உள்பக்கம் சாயும். குதிகால் தரையைவிட்டு எழும்பும். கட்டிய கை தானாக அவிழ்ந்து தொடையை ஊன்றும். மெதுவாக இறங்கி உட்காரும் பலம் இல்லாமல் தொப்பென்று விழுவார்கள். 65 முதல் 69 வயதுக்குள் பெண்கள் 11, ஆண்கள் 12 தடவைக்குக் குறைவாக எழுந்தால் கீழே விழும் ஆபத்து அவர்களுக்கு உண்டு என்று கணக்கு.

தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போகிறவர்கள்கூட இந்தச் சோதனையில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். சமதளத்தில் மெதுவாக நடப்பது இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடைக்கும் புட்டத்துக்கும் அது போதாது. முப்பது வயதுக்குமேல் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைந்துகொண்டே போகிறது, அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாக. அதைத் தடுக்கத் தசைக்குப் பாரம் கொடுக்க வேண்டும். இந்த வயதில் பாரமா என்று பிள்ளைகள் பதறுவார்கள். 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரியாக 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அவர்களில் இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். எந்த வயதிலும் தசை கற்றுக்கொள்ளும் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

இதற்கு ஜிம் வேண்டியதில்லை. அதே நாற்காலியில் எழுந்து உட்காருவதே பயிற்சி. எட்டுப் பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. இறங்கும்போது மூன்று வினாடி எடுத்து மெதுவாக இறங்க வேண்டும். அந்த இறக்கத்திலும் பலம் வளர்கிறது. மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது கெண்டைக்கால் தசைக்கு. ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை ஒட்டி வைத்து நிற்பது சமநிலைக்கு. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். ஒரு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். எடை மெஷின் காட்டாத முன்னேற்றம் அந்த எண்ணிக்கையில் தெரியும்.

உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, 65 வயது தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. இதில் முதல் வரி மட்டுமே எல்லா இடத்திலும் அச்சாகிறது, மற்ற இரண்டும் காணாமல்போகின்றன. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் படி ஏறினாலும் சேரும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு நாங்கள் சொல்லும் அடையாளம் இதுதான்.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பதும் பலரைப் பயமுறுத்தி உட்கார வைத்திருக்கிறது. அந்த எண் 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்கும்போது பரவியது. 2019-ல் சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கு இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவருக்கு நான்காயிரம் அடி எட்டக்கூடிய தூரம். பத்தாயிரம் என்று சொன்னால் அவர் எழுந்திருக்கவே மாட்டார்.

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கட்டுரைகளில் இது பெரும்பாலும் விடுபடுகிறது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் கடுமையாகப் பயிற்சி செய்யக் கூடாது. சர்க்கரை தாழ்ந்துவிடும், பாக்கெட்டில் இனிப்பு இருக்க வேண்டும். கால் மரத்துப்போன நீரிழிவுக்காரர்கள் நடந்து முடித்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கொப்புளம் வந்தாலும் அவர்களுக்கு வலி தெரியாது. விழித்திரைப் பாதிப்பு இருந்தால் கண் மருத்துவரைக் கேட்காமல் பாரம் தூக்க வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். உடற்பயிற்சிக் கட்டுரைகளின் தலைப்பிலிருந்து கிலோவை எடுத்துவிடுங்கள். ஒல்லியான இருபது வயதுக்காரர் படத்துக்குப் பதிலாக, நரைத்த தலையோடு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும் ஒருவரின் படத்தைப் போடுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து "இது எனக்கான விஷயம்" என்று நினைக்க வேண்டியவர்கள்தான் உங்கள் பத்திரிகையைக் காலையில் முதல் ஆளாகக் கையில் எடுக்கிறார்கள். வாரம் ஒரு பயிற்சி போதும், பெரிய எழுத்தில், பெரிய படத்தோடு. கை எங்கே இருக்க வேண்டும், பாதம் எங்கே இருக்க வேண்டும், யார் செய்யக் கூடாது என்பது அந்தப் படத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஓவியர் வரைந்ததைச் சரிபார்த்துக் கொடுக்க நான் தயார். ஊதியம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர்